பச்சை உடுத்திக் கடலுக்குப் போனவர்கள்

வார்சினா அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. சோலோ நகரில் எங்கள் சந்து முனையில் காலை நான்கரைக்கெல்லாம் தேங்காய்ப்பால் சோறு விற்கத் தொடங்கிவிடுவாள். அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கடலிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில்தான். ஆனாலும் கடலைப் பார்த்ததில்லை. ஒருமுறை கிளம்பிய அன்றே பிரசவ வலி வந்துவிட்டது. இன்னொருமுறை புருஷன் மாமரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். "கடலுக்கும் எனக்கும் பொருத்தம் இல்லடி" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு ஆசை இருந்தது என்பது சந்துக்கே தெரியும்.

எங்கள் பெண்கள் சீட்டுக் கூட்டத்தில் இருபத்தெட்டுப் பேர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேருந்து பிடித்துச் சுற்றுலா போவோம். எல்லோருக்கும் ஒரே துணியில் உடை, ஒரே நிற முக்காடு, வண்டியில் கட்ட ஒரு பேனர். கையைக் கடித்தால் சாப்பாட்டைக் குறைப்போமே தவிர, சீருடையை விடமாட்டோம். சீருடை இல்லாமல் எடுத்த படத்தை யாரிடம் காட்டுவது?

இந்த முறை சனி, ஞாயிறு இரண்டு நாள் யோக்யகர்த்தா. புத்தர் கோயில், கடைத்தெரு, தெரிந்தவர் கூடத்தில் பாய் விரித்துத் தூக்கம், அவ்வளவுதான் திட்டம். தலைவி ஹர்தாத்திக்கு வெயில் ஆகாது என்பதால் கடல் சேர்க்கப்படவில்லை. துணி எடுக்கப் போனது வார்சினா அக்கா. விலை ஏறினால் நாலு பேர் பின்வாங்குவார்கள், பயணமே நின்றுபோகும் என்று பயந்து, இருப்பதிலேயே மலிவான துணியாகப் பார்த்து எடுத்தாள். நல்ல கிளிப்பச்சை. கடலுக்கா போகிறோம் என்று நாங்களும் தலையாட்டினோம்.

சனிக்கிழமை மாலையே கடைத்தெருவில் எல்லோர் பர்சும் காலி. ஞாயிறு காலை செய்வதறியாமல் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். ஓட்டுநர் ஙாடிமின் திரும்பிப் பார்த்தார்.

"சாயங்காலம் வரைக்கும் வண்டி உங்களோடதுதான். ஒரு மணி நேரம் போனா கடல். அங்க பெருசா செலவும் இல்ல. விடட்டுமா?"

வண்டியே அதிர்ந்தது. வார்சினா அக்கா மட்டும் முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்த பிறகுதான் ஹர்தாத்தி குனிந்து தன் மடியைப் பார்த்தாள்.

"அடியே, நாம அத்தனை பேரும் பச்சை."

பச்சை தென்கடல் ராணியின் நிறம். அதை உடுத்திக் கரைக்கு வருகிறவர்களை அவள் தன் கடலடி அரண்மனை வேலைக்கு இழுத்துக்கொள்வாள். படித்தவர்கள் சிரிக்கட்டும். அந்த அலைக்கு முன்னால் பச்சை கட்டி நிற்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

பைகளைத் துழாவி, ராத்திரி போட்டுப் படுத்த நைட்டிகளை எடுத்து மாட்டிக்கொண்டோம். வார்சினா அக்காவின் பையில் துணியே இல்லை. வழியில் சாப்பாட்டுச் செலவு வேண்டாம் என்று, எங்கள் அத்தனை பேருக்கும் அவித்த முட்டையும் வறுத்த டெம்பே சோயா வில்லைகளும் அடைத்து வந்திருந்தாள். இரவும் அந்தப் பச்சையிலேயே படுத்திருக்கிறாள். ஆளோ நல்ல பருமன். என் நைட்டி அவள் தோளைத் தாண்டவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கடி. நான் ஜன்னல் வழியா பாத்துக்கறேன். பச்சை எடுத்தது நான்தானே" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக அவள் முட்டையைத் தின்றவர்கள் நாங்கள்.

"நீ எறங்கலைன்னா நானும் எறங்கல."

"எதைக் கட்டிக்கிட்டு எறங்கச் சொல்ற? ஜன்னல் திரையையா?"

ஙாடிமின் இறங்கிப் போய், வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருந்த பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நல்ல சிவப்பு.

"மூணு மீட்டர். பச்சை ஒரு பொட்டுகூட இல்ல. அக்காவுக்குக் காணும்."

"காணுமான்னு சுத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள் ஹர்தாத்தி.

முதலில் சிரித்தது வார்சினா அக்காதான். ஙாடிமினைக் கீழே அனுப்பிவிட்டு, பச்சையைக் கழற்றவைத்து, பேனரை அக்குளிலிருந்து கணுக்கால் வரை சுற்றி ஒன்பது ஊக்கு குத்தினோம். ஹர்தாத்தி தன் பையிலிருந்த அகலமான பழுப்பு முக்காட்டைக் கொடுத்தாள், தோளும் கையும் மறைந்தன. வயிற்றின் மேல் 'ஏழாம் சந்து மகளிர் உல்லாசப் பயணம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

நடக்க நடக்க பேனர் சரசரத்தது. கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. அலை வந்து கணுக்காலைத் தொட்டது. சிரமப்பட்டுக் குனிந்து ஒரு விரல் தண்ணீரை எடுத்து நாக்கில் வைத்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். பிறகு நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். "இவ்வளவு பெருசுன்னு ஒருத்தியும் சொல்லலியேடி."

எங்களில் பாதிப் பேர் அழுதுவிட்டோம்.

அங்கேயே படம் எடுத்தோம். பூப்போட்ட, கட்டம்போட்ட, சாயம்போன நைட்டிகளில் இருபத்தேழு பேர், நடுவில் வார்சினா அக்கா. அந்தப் படம் இப்போது அவள் கடையில் மாட்டியிருக்கிறது. இவ்வளவு கூட்டம் போனீர்களே, பேனர் எங்கே என்று யாராவது கேட்டால், சோறு அள்ளும் கையை நிறுத்தாமலே சொல்வாள்:

"நான்தான்."