சித்தியின் பிட்வீன்

சித்தி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். எத்தனையோ வருடம் ஆவிக்குள்ளேயே நின்றவள். அந்த வருடம் பிடித்த இருமல் அவளை விடவேயில்லை. ஆவிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம், மாடியில் உள்ள சாமான் அறை. வார்டுகளிலிருந்து தமிழ் தெரியாத நர்சுகள் போனில் கேட்பார்கள். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்த வேலையும் கிடைக்காவிட்டால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

சாமான்களின் பெயரெல்லாம் சித்திக்கு அத்துப்படி. இடத்தைச் சொல்லும் பொடிச் சொற்கள்தான் தகராறு செய்தன. ஆன், இன், அண்டர், பிஹைண்ட். தமிழில் மேசையைச் சொல்லிவிட்டு ‘மேலே’ என்போம். ஆங்கிலத்தில் அந்தப் பொடிச் சொல் முந்திக்கொள்கிறது.

நான் அப்போது கல்லூரிக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். சாயங்காலமானால் சித்தியின் மகள், என் தங்கச்சி, சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடியை எங்காவது வைத்துவிடுவாள். சித்தி ஆங்கிலத்தில் இடம் சொன்னால்தான் அது அவர் கைக்குப் போகும்.

“என் கண்ணாடி எங்கடி?”

“கண்ணாடி இஸ்... பிரிட்ஜ் ஆன்.”

“அம்மா, ஆன் முன்னாடி!”

“முன்னாடி எங்கடி இருக்கு? மேலதானே இருக்கு!”

சித்தப்பா பஸ் ஓட்டுபவர். “இவ இங்கிலீஷ் படிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து நான் பேப்பர் படிக்கிறது நின்னு போச்சு. நல்ல வேளை, பஸ்ஸ ஒளிச்சு வைக்கல” என்பார்.

பிறகு சித்தியே ஒரு வழி கண்டுபிடித்தாள். முஷ்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் ஆன். முஷ்டிக்கு அடியில் கொண்டுபோனால் அண்டர். உள்ளங்கைக்குள் விரலை மூடினால் இன். பிட்வீனுக்கு மூன்றாவது கை வேண்டும். அதனால் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் தன் முகத்தையே வைத்துக்கொள்வாள். கை அசைந்ததும் சொல் வரும். முதலில் கை, அப்புறம்தான் வாய். அடுப்படியில் அவள் தனியாக அப்படி நின்று முணுமுணுத்ததை நான் வாசலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாரோ முகத்தை ஏந்திக் கொஞ்சுவது போலிருக்கும்.

அந்த வேலைக்கு வைத்த தேர்வன்று துணைக்கு நான் போனேன். சாமான் அறையில் சித்தி. பக்கத்து அறையிலிருந்து தலைமை நர்ஸ் போனில் கேட்பார். நான் நடைபாதை பெஞ்சில், கதவு திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது.

மணி அடித்தது. சித்தி போனை எடுத்தாள். பிளாஸ்டர் எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். அலமாரியைப் பார்த்தாள், தெரிந்துவிட்டது என்று முகமே சொன்னது. ஆனால் ஒரு கையில் போன். மற்றொரு கை தனியாக எழுந்து, சேர்வதற்கு ஜோடியில்லாமல் காற்றில் நின்றது. வாய் திறக்கவில்லை. “ஹலோ? ஹலோ?” என்ற குரல் எனக்கே கேட்டது. அவள் கண் கலங்கியது. எழுந்து அவளிடம் போகலாமா என்று நினைத்தேன்.

சட்டென்று போனை மேசையில் கிடத்தினாள். இரண்டு கைகளும் விடுதலையாயின. முகத்தை நடுவில் வைத்து, தரையில் கிடக்கிற பிள்ளையைக் கூப்பிடுவது போல போனைப் பார்த்துக் கத்தினாள்.

“பிட்வீன் த காட்டன் அண்ட் த கிளவ்ஸ்!”

அடுத்த கேள்வி. முஷ்டி, உள்ளங்கை. “அண்டர் த சிங்க்!” பிறகு, “பிஹைண்ட் த டோர்!” நடைபாதையில் போன ஒருவர் தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் தலைமை நர்ஸ் காதைத் தேய்த்துக்கொண்டே நேரில் வந்தார். சிரித்தபடி ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொல்லி, சித்தியின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். சித்தி என்னிடம் ஓடி வந்தாள்.

“என்னடா சொன்னாங்க? மண்டே மட்டும்தான் புரிஞ்சுது.”

“திங்கக்கிழமையிலேர்ந்து இங்கதான் வேலை, சித்தி. ஆனா மெதுவாப் பேசணுமாம். பேஷண்ட்லாம் முழிச்சுக்கறாங்களாம்.”

“மெதுவாவா? அதுக்கு வேற தனியா படிக்கணுமா?”

சிரித்தாள். சிரிப்போடு இருமலும் வந்தது. அது அடங்கும்வரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றாள்.