பொய்த் தீக்கு வீட்டுக்கு ஒரு குடம்

போலீஸ்காரன் பெண்டாட்டிக்கு ஊரில் பாதி மரியாதை, பாதி பயம் என்பார்கள். எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் கிடைத்தன. சுங்குவார்சத்திரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு அவுட்போஸ்ட். என் வீட்டுக்காரர் அதில் ஏட்டு. அவருக்குக் கீழே இரண்டு கான்ஸ்டபிள்கள். அவுட்போஸ்டின் பின்சுவரை ஒட்டி எங்கள் குவார்ட்டர்ஸ். முன்வாசலில் போய்ப் புகார் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் பின்வாசலுக்கு வந்து என்னிடம் சொல்வார்கள். ஆட்டைக் காணோம், மாமியார் அடித்துவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திப் போட்டுவிட்டான். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டு வைப்பேன், சாப்பாடு போடும்போது அவர் காதில் போடுவேன். "இன்னிக்கு எத்தினி கேஸு?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் சோற்றில் கை வைப்பார். விசாரணை எனக்கு, சம்பளம் அவருக்கு.

அப்போது ஊரில் ஓடு போட்ட கட்டடங்கள் பள்ளிக்கூடம், ரைஸ்மில், அவுட்போஸ்ட், அதோடு ஒட்டிய எங்கள் வீடு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வைக்கோலும் பனையோலையும் வேய்ந்த கூரைகள். ஒரு கூரைக்கும் அடுத்த கூரைக்கும் நடுவே ஆள் நுழைய இடம் இருக்காது. சித்திரை வெயிலில் ஒரு பொறி விழுந்தால் தெருவே போய்விடும். ஒருமுறை அப்படித்தான் ஒரு தெரு போயிருந்தது. அதனால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை விடாமல் அடித்தால் தீ என்று அர்த்தம். காதில் விழுந்தவுடன் யாராயிருந்தாலும், பிணம் தூக்கிக்கொண்டு போனாலும்கூட, இறக்கி வைத்துவிட்டு முதலில் தன் கூரைக்கு ஓடித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன் பிறகுதான் எரிகிற இடத்துக்கு. பொய்யாக அடித்தவருக்கும் ஊர் போட்ட ஒரு கட்டு உண்டு. கூரை வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் தண்ணீர் அவரே சுமந்து போய் ஊற்ற வேண்டும். விளையாட்டுக்கு அடித்த ஒரு விடலையை அப்படிச் சுமக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். மறுபடியும் அவன் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக ஒரு பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூண் நிற்கவில்லையாம், பிள்ளைத் தலை கேட்கிறதாம், அதற்காகப் பிள்ளை பிடிக்கிறவர்கள் கோணிப் பையோடு ஊர் ஊராகத் திரிகிறார்களாம். யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையும் காணாமல் போகவில்லை. ஆனால் போன பிள்ளையின் பேரும் ஊரும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஆளுக்கு ஒரு பேரும் ஊருமாக.

என் வீட்டுக்காரர் ஊரைக் கூட்டிவைத்துப் பேசினார். "பயப்படாதீங்க. புது ஆள் எவன் வந்தாலும் புடிச்சு வெச்சிகினு எங்களுக்கு ஆள் அனுப்புங்க. நீங்கதான் எங்க கண்ணு" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தப் பெருமை அவர் முகத்தில் வழிந்தது. "கண்ணு சரி. கைய இன்னா பண்ணணும்னு சொன்னீங்களா?" என்றேன். "உனுக்கு எல்லாத்துலயும் ஒரு நொட்டை" என்று மோர் கேட்டார்.

ஸ்ரீபெரும்புதூரில் தேர் நடந்த நாள் அது. இரண்டு கான்ஸ்டபிள்களும் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். அவுட்போஸ்டில் இவர் மட்டும். அங்கே டெலிபோனும் கிடையாது. மத்தியானம் நான் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. சண்டைச் சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு மாதிரி இருந்தது. ஒருவர் கத்தினால் பத்துப் பேர் கத்துகிற சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

பஞ்சாயத்து விளக்குக் கம்பத்தில் ஓர் ஆளைக் கட்டியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். தாடி மண்டிய முகம், கிழிந்த சட்டை. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் அடி அடித்தவள் பால்காரம்மா. தினமும் விடியற்காலையில் எனக்குப் பால் ஊற்றுகிறவள், ஓர் ஈயைக் கூட விரட்டத்தான் தெரியும், அடிக்கத் தெரியாது என்று நான் நினைத்திருந்த பொம்பளை. அவளுடைய ஆறு வயசுப் பெண்ணை இந்த ஆள் கூப்பிட்டு, கையைப் பிடித்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப் பார்த்திருக்கிறான். குழந்தை வீறிட்டிருக்கிறது. பால்காரம்மா செம்பாலேயே மண்டையில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஓர் அடி. ஒரே அடிதான் என்று ஒவ்வொருவரும் பிறகு சொன்னார்கள். அத்தனை ஒற்றை அடிகளை ஒரு மனிதன் எப்படித் தாங்குவான்?

என் வீட்டுக்காரர் அந்த ஆளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். தொப்பி கீழே கிடந்தது. "வுடுங்க, நான் ஸ்டேஷனுக்கு இட்டுகினு போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நகரவில்லை.

"ஏட்டையா, நீங்கதானே புடிச்சு வெக்கச் சொன்னீங்க?"

"புடிக்கச் சொன்னேன். கொல்லச் சொன்னனா?"

அப்போதுதான் ஒருவன் அந்த ஆளுடைய கோணிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு சின்னப் பெண் குழந்தையின் கவுன் விழுந்தது, மஞ்சள் பூப் போட்டது. கண்ணாடி வளையல் நாலைந்து. கை உடைந்த ஒரு பிளாஸ்டிக் பொம்மை. ஒரு நொடி எல்லாரும் வாயடைத்துப் போனார்கள். கத்துகிற கூட்டத்தைக் கூட நம்பலாம், வாயை மூடிக்கொண்ட கூட்டத்தை நம்பக் கூடாது. "கொழந்தைய இன்னாடா பண்ண?" என்று பால்காரம்மா ஓலமிட்டாள். பின்னாலிருந்து ஒரு குரல், "சீமெண்ணெ கொண்டா" என்றது. ஒருவன் நிஜமாகவே வீட்டுக்கு ஓடினான்.

அந்த ஆள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். பாதி தெலுங்கு, பாதி தமிழ். உதடு வீங்கியிருந்ததால் அதுவும் புரியவில்லை. கவுனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ அதை மிதித்தபோது மட்டும் கம்பத்திலிருந்து திமிறினான். அது ஏன் என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "உள்ள போ!" என்று கத்தினார். இருபது வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. இவர் நகர மாட்டார், அது எனக்குத் தெரியும். நகராவிட்டால் இரண்டு உயிராகப் போகும், அதுவும் தெரிந்தது. சீமெண்ணெய் டின்னோடு அவன் தெருமுனையில் திரும்பி வந்துகொண்டிருந்தான். கூட்டத்தின் காலில் விழலாமா என்றுகூட நினைத்தேன். விழுந்திருந்தால் என்னையும் மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஓடினேன். வீட்டுக்கு இல்லை, தண்ணீர்த் தொட்டிக்கு. தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி, கை எரிகிற வரைக்கும் அடித்தேன். விடாமல் அடித்தேன்.

அந்தச் சத்தம் அவர்களுடைய காதுக்குப் போனதா, நேராகக் காலுக்குப் போனதா தெரியாது. கல் விழுந்த காக்கைக் கூட்டமாகக் கலைந்தார்கள். "எந்தத் தெரு? எந்தத் தெரு?" என்று கேட்டுக்கொண்டே அவரவர் கூரைக்கு ஓடினார்கள். பால்காரம்மா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். சீமெண்ணெய் கொண்டுவந்தவன் டின்னை நடுத்தெருவில் வைத்துவிட்டு ஓடினான். அவன் வீட்டுக் கூரையும் வைக்கோல்தானே.

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் கட்டை அவிழ்த்து, அந்த ஆளைத் தோளில் சாய்த்து, இழுத்துக்கொண்டு போய் லாக்கப்பில் தள்ளிப் பூட்டினார். கள்ளனைப் பூட்டுகிற இடத்தில் அன்றைக்கு ஒரு நிரபராதியைக் காப்பாற்றப் பூட்டினோம். சாவியை நான் கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

எங்கும் தீ இல்லை என்று தெரிந்தவுடன் கூட்டம் திரும்பி வந்தது. இப்போது கோபம் என் மேல். "ஓட்டு வூட்டுக்காரிக்கு நெருப்பப் பத்தி இன்னா தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்கட்டும். என் மேல் கோபப்படுகிற நேரமெல்லாம் அந்த ஆளுக்கு மிச்சம். நானும் சளைக்காமல் எதிர்வாய் பேசினேன். பேசப் பேச வெறி இறங்கி அது வெறும் சண்டையாகிவிட்டது. சண்டை எங்களுக்குப் பழக்கம்.

என் வீட்டுக்காரர் அவுட்போஸ்ட் வாசலில் நின்று, "பால்காரம்மா மட்டும் உள்ள வரட்டும். அவங்க பொண்ணுதானே? அவங்களே கேக்கட்டும்" என்றார். அந்த மனுஷன் செய்த புத்திசாலித்தனமான காரியங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

லாக்கப் கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் பால்காரம்மாவும். அந்தப் பக்கம் அந்த ஆள், நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் குடித்துக்கொண்டு. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறான். மலைப்படியில் நெரிசல். மகள் கை நழுவிவிட்டது. நாலு வயசு. இடது கையில் முழங்கைக்கு மேலே சுடுகஞ்சி கொட்டிய தழும்பு. அன்றிலிருந்து எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே போகிறான். இன்றைக்கும் ஸ்ரீபெரும்புதூர்த் தேருக்குத்தான் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

"அந்தக் கவுனு எதுக்குத் தூக்கிகினு சுத்துற?" என்று பால்காரம்மா கேட்டாள். குரலில் இன்னும் முறுக்கு இருந்தது.

"இன்னும் கொஞ்சம் நாள் போனா என்னை மறந்துடும்மா அது. கவுன மறக்காது" என்றான்.

பால்காரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே போய், "போங்க, அல்லாரும் வூட்டுக்குப் போங்க. அவன் புள்ளைய புடிக்க வர்ல. தேடிகினு வந்துகீறான்" என்று மட்டும் சொன்னாள். நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். கூட்டம் எப்போது கலைந்தது என்று நான் பார்க்கவில்லை.

சாயங்காலம், ஆள் போய்த் தகவல் சொன்னதில், பெரிய அதிகாரி ஜீப்பில் வந்து விசாரித்தார். ராத்திரி அவர் மூலமாகத் திருத்தணியிலிருந்து பதில் வந்தது. குழந்தையைக் காணோம் என்ற புகார் உண்மைதான், குழந்தை கிடைக்கவில்லை என்பதும் உண்மைதான். கம்பவுண்டர் வந்து அந்த ஆளுக்குத் தையல் போட்டார். அடித்தவர்கள் மேல் புகார் கொடு என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அந்த ஆள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான். "கோர்ட்டுக்கு அலைஞ்சா தேட முடியாது சார்" என்றான்.

மறுநாள் காலையில் ஊர்ப் பெரியவர்கள் பின்வாசலுக்கு வந்தார்கள். நெளிந்தார்கள். விஷயம் இதுதான். பொய்யாக அடித்தால் குடம் சுமக்க வேண்டும், கட்டு கட்டுதான். ஏட்டு பெண்டாட்டி என்று விட்டுவிட்டால் நாளைக்கு நிஜத் தீக்கு யார் ஓடி வருவார்கள்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஓர் உயிரை அடித்துக் கொல்லப் பார்த்தவர்களுக்குக் கட்டு இல்லை, காப்பாற்றினவளுக்கு உண்டா? ஆனால் அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் தலைக்கு மேலே ஓடு. அவர்கள் தலைக்கு மேலே வைக்கோல். "சரி, ஊத்தறேன். ஊத்தும்போது ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பாக்கணும் எனக்கு" என்றேன்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினால், வாசலில் அந்த ஆள். தலையில் கட்டு, ஒரு கண் மூடியபடி வீங்கியிருந்தது. பஸ்ஸுக்குப் போக வேண்டியவன், குடத்துக்குக் கையை நீட்டினான். "எனக்காக அடிச்சது. நான் தூக்கறேம்மா" என்றான். முடியாது என்றேன். கேட்கவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு குடம்.

முதல் தெருவில் ஆம்பிளைகள் ஒருவர்கூட வெளியே தலைகாட்டவில்லை. பெண்கள்தான் கதவோரம் நின்றார்கள். அவன் ஒவ்வொரு கூரையிலும் தண்ணீரை வீசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். வாசல் வாசலாகக் குழந்தைகள் நின்றார்கள். ஒரு குழந்தையையும் அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊர் ஊராகப் பிள்ளை முகம் பார்த்துத் திரிந்த மனுஷன், எங்கள் ஊரில் மண்ணைப் பார்த்து நடந்தான். அந்த அடிகளைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பால்காரம்மா வீட்டுக்கு வந்தோம். அவன் கூரைக்குத் தண்ணீர் வீசிவிட்டுத் திரும்பினான். பால்காரம்மா அவன் முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு துணி மூட்டை. தெருவில் மிதிபட்ட கவுனைத் துவைத்துக் காயவைத்து மடித்து, வளையலும் பொம்மையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். அதைக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய், பயந்து தூணைக் கட்டிக்கொண்டிருந்த மகளைப் பிடித்து இழுத்து வந்தாள். அவளே குழந்தையின் ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள்.

"பாருண்ணா" என்றாள். "நல்லா பாரு."

அவன் உட்கார்ந்தான். குழந்தையின் கையைத் தொடாமல் பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

அடுத்த வீட்டுக்காரி தன் பெண்ணின் சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கினாள். அதற்கு அடுத்த வீட்டிலும். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். மீதித் தெருக்களுக்கு யாரும் என்னிடம் தண்ணீர் கேட்கவில்லை.