மிக்கேல் மேஸ்திரியும் ஒரு பின்சுவரும்

மதிய இடைவேளையில்தான் செய்தி வந்தது. பள்ளிக்கூட வாசலில் கடை வைத்திருக்கும் தாசன் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு நேராக ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"சாறே, மிக்கேல் மேஸ்திரி போயிட்டாரு. ஓடு மாத்திட்டு இறங்கி, காலு கழுவதுக்கு இருந்தாராம். பொறவு எழும்பல்ல."

"எந்த வீட்டு ஓடு?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை. தாசன் என்னைச் சற்றுப் பார்த்துவிட்டு, அடக்கம் மறுநாள் காலையில் என்று சொல்லிப் போனார்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். அன்று நான் பேசியதைக் கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாறசாலைப் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்தபோது, காரோடு என்ற ஊருக்குப் போகும் வழியில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருந்தார். சாவியும் பொறுப்பும் மிக்கேலிடம். கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகளெல்லாம் கடலுக்குப் போக, அவர் மட்டும் கரண்டியைப் பிடித்துக் கொத்து வேலைக்கு வந்துவிட்டார். காரணம் கேட்டால், "கடலுக்குப் போறவன் நனையதுக்குத்தான் போறான் சாறே. எனக்கு நனையப்பிடாது" என்பார்.

ஜூன் தொடக்கத்தில் வரும் இடவப்பாதி மழைக்கு இரண்டு வாரம் முன்பே அவர் வந்துவிடுவார். கூரையில் ஏறி ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால் தட்டிக் காதில் வாங்குவார். சத்தம் சரியில்லாததைக் கழற்றிக் கீழே நீட்டுவார். கூரைத் தண்ணீர் வடியும் பாத்தியில் அடைத்திருக்கும் பலா இலைகளைக் கையாலேயே வாரி எறிவார். மேற்குப் பக்கத்துச் சாரலுக்கு ஓலைத்தட்டி கட்டுவார். என் மனைவி சரோஜத்திடம் விறகை எங்கே அடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். இவையெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். அடுத்த இரண்டு நாளும் வீட்டின் பின்பக்கத்தில்தான் இருப்பார். பிற்பாடு சேர்த்துக் கட்டிய அறை அது. அதன் சுவரை ஒட்டி வரப்புப் போட்டு, மிதித்து இறுக்கி, தண்ணீர் சுவர் பக்கம் வராமல் வாய்க்கால் வெட்டுவார்.

"கூரைக்கு ஒரு நாள், தரைக்கு ரெண்டு நாளா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மேலேந்து வாற மழைய எல்லாரும் பாப்பினும். கீழேந்து வாறதுக்காக்கும் பயப்படணும்" என்றார்.

அந்தப் பின்னறைதான் எங்கள் மகள் தூங்கும் அறை. கட்டில் சுவரோடு கிடந்தது.

மூன்றாவது வருடமும் வந்தார், எல்லா வேலையும் செய்தார். வாய்க்கால் வெட்டி முடித்த மறுநாள் காலையில் திரும்பி வந்து முற்றத்திலேயே நின்றார்.

"சாறே, வீடு ஒழிஞ்சு தரணும். இந்த வாரத்துக்குள்ள."

வீட்டுக்காரரின் தங்கை குடும்பத்தோடு வருகிறாளாம். பள்ளி திறக்கப் பத்து நாள் இருந்தது. மழைக்கு முன்னால் யார் வீடு தருவார்கள்? நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். மாலையில் சாயாக்கடையில் பத்துப் பேர் முன்னால், "வீட்டைச் சரிபண்ணுவது மாதிரி பண்ணிவிட்டு ஆளை இறக்கிவிடுகிறீர்கள். இது ஏமாற்று" என்றேன். அவர் சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாளே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துச் சொன்னார். டெம்போவும் அவரே கொண்டுவந்தார். மகளின் கட்டிலை அவரே தலையில் சுமந்து ஏற்றினார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழை தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு மத்தியானத்தில் அந்தப் பின்சுவர் உள்பக்கமாக விழுந்தது. நாங்கள் அங்கே இருந்திருந்தால், மகள் தூங்குகிற நேரம்.

கேள்விப்பட்டு ஓடினேன். வீட்டில் யாரும் குடிவந்திருக்கவில்லை. கட்டில் கிடந்த இடத்தில் இடுப்பளவுக்குக் கற்களும் சேறும். மிக்கேல் நனைந்தபடி மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரிந்துதான் எங்களை மாற்றினீர்களா?"

"எனக்கெங்ஙன தெரியும் சாறே. மழையில்லியா தள்ளினது" என்றார், நிமிராமல்.

பிறகு ஒரு நாள் சரோஜம் கேட்டதற்குக் கனாக் கண்டதாகச் சொன்னார். வேறு யாரோ கேட்டதற்கு, மஸ்கட்டிலிருந்து கடிதம் வந்தது என்றார். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குச் சொன்னதோடு சேரவில்லை. அதை அவருடைய தன்னடக்கம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் அவர் ஏறக்குறைய ஒரு புனிதர். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவருக்குப் பாயசம் போகும். அவர் வாங்கிக்கொள்வார், எங்கள் முன்னால் ஒருபோதும் குடித்ததில்லை.

இந்தக் கதையைத்தான் கல்லறைத் தோட்டத்தில் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்தார்கள். எல்லோரும் கலைந்தபின் அவர் மனைவி தெரசம்மா என்னை ஓரமாக அழைத்தார்.

"சாறு பேசினது நல்லாருந்து. ஆனா அந்தச் சுவரு அவரு கெட்டினதாக்கும்."

எனக்குப் புரியவில்லை.

"அங்க பழைய குப்பக்குழி உண்டு. மண்ணு போட்டு மூடின எடம். கெட்டி மண்ணு வரைக்கும் தோண்டணும். வீட்டுக்காரருக்கு மஸ்கட்டுக்குப் போவணும், அவசரம். இவரும் ரெண்டு சாண் தோண்டிட்டு மேல கெட்டிட்டாரு. நீங்க ஒழிஞ்ச வருஷம் கம்பிய எடுத்து அடியில குத்திப் பாத்தாரு. ஒரு முழம் இறங்கிச்சு. அண்ணைக்கு சோறு தின்னல்ல."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பொறவு ஆரு வேல குடுப்பினும்? வீட்டுக்காரருக்கும் சொல்லல்ல. கூலி வாங்காம திரும்பக் கெட்டிக் குடுத்தாரு." பிறகு சொன்னார்: "சாறு எழுதுறதுண்டெங்கில் இதையும் எழுதணும். அவருக்கு சாறுகிட்ட சொல்லணும் சொல்லணும்னு இருந்து. நாக்கு வரேல்ல."

அன்று வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி நடந்தது மட்டும் தெரிகிறது. நான் சாயாக்கடையில் அவரை ஏமாற்றுக்காரர் என்றேன்; அன்று அவர் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பிறகு அவரைப் புனிதர் என்றோம். அப்போது அவர் எங்களிடம் மறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் தவறான நேரத்தில் தவறான சொல்லைச் சொல்லியிருக்கிறேன். சரியான சொல் எது என்று இப்போதும் தெரியவில்லை.

சரோஜத்திடம் சொன்னேன்.

"எம் பிள்ளைய ரெண்டு மழைக்கு அதுக்கடியில கிடத்த விட்டாரே" என்றாள். அடுப்படிக்குப் போனவள் திரும்பி வந்து, "மூணாவது மழைக்குக் கிடத்த விடல்லியே" என்றாள். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

அவள் சொன்ன இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வர என்னால் ஆகவில்லை. கோபப்படலாம் என்று உட்கார்ந்தால் கட்டிலைத் தலையில் சுமந்து நின்ற மனிதர் வருகிறார். நன்றி சொல்லலாம் என்றால் அந்த இரண்டு மழைக்காலங்கள் வருகின்றன.

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. அதன் பக்கத்துப் பகுதியை நெய்யாற்றின்கரையில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவர்களுடைய அடுப்படியில் ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல் உண்டு. அவர்கள் குடிவருவதற்கு முன்னால் நானே அதன்மேல் சிமெண்ட் பூசிச் சுண்ணாம்பு அடித்தேன். சின்ன விரிசல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலில் போய் நின்றேன். விரிசலைப் பற்றிச் சொன்னேன். மழைக்கு முன்னால் உடைத்துக் கட்டிவிடுகிறேன், அதுவரை எங்கள் அடுப்படியைப் பயன்படுத்துங்கள் என்றேன்.

"சாறுக்கு இது எப்பம் தெரியும்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"போன மழையிலேயே" என்றேன்.

அவள் முகம் மாறியது. மாறத்தான் வேண்டும். உள்ளே போய் முதலில் ஸ்டவ்வை எடுத்தாள்.

மிக்கேலிடமிருந்து எனக்கு மிஞ்சியது எது என்று கேட்டால், வாசலில் நின்று நான் சொன்ன 'போன மழையிலேயே' என்ற அந்த இரண்டு சொற்களைத்தான் காட்டுவேன். அவர் சொல்லித் தந்தவை அல்ல அவை. சொல்ல முடியாமல் அவர் வைத்துவிட்டுப் போனவை.