கோழியை நான் திட்டிய திட்டு

போன வருஷம், பள்ளி விடுமுறை சமயம். உலு திராம் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பத்துக் கோழி, நாட்டுக்கோழிதான், வளர்க்கிறோம். அது ஏழு குஞ்சு பொரித்தது. ஆறு பழுப்பு, ஒன்று மட்டும் நல்ல கறுப்பு. என் நிறம் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம்.

நான்காம் நாள் காலை அந்தக் கறுப்புக் குஞ்சு கூண்டுக் கம்பியில் காலைக் கீறிக்கொண்டது. துளி ரத்தம்தான். ஆனாலும் நான் அடுப்படிக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் புண் என்றால் மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவதுதான் வழக்கம். காலில் மட்டும் பூசியிருக்கலாம். கிருமி எந்தப் பக்கம் வருமோ, யார் கண்டது? தலையிலிருந்து வால்வரை கஞ்சத்தனம் பார்க்காமல் பூசிக் கூண்டில் விட்டேன்.

அப்புறம்தான் அநியாயம் ஆரம்பித்தது. அம்மாவைத் தேடி ஓடிய குஞ்சைக் கோழி கொத்தியது. மறுபடி போனது, மறுபடி கொத்து, இந்த முறை மண்டையிலேயே. மற்ற ஆறும் இறக்கைக்குள் சொகுசாக இருக்க, இது மட்டும் மூலையில் நின்று கத்தியது. எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! நீயெல்லாம் ஒரு தாயா, அடிபட்ட பிள்ளையை ஒதுக்குகிறாயே, நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று கால் மணி நேரம் அந்தக் கோழியை நிற்கவைத்துக் கேட்டேன். அது ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு எச்சம் போட்டது.

குஞ்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். காலணி வந்த சப்பாத்துப் பெட்டி, பழைய சட்டை, சூட்டுக்கு மேசை விளக்கு. தொழிற்சாலைக்குப் போன் போட்டு, வீட்டில் சின்னதுக்கு உடம்பு சரியில்லை, லீவு வேண்டும் என்றேன். பொய் இல்லையே. தம்போயில் ஒரு பிராணி கிளினிக்கைக் கூப்பிட்டால், பூனை நாய் மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். அவர்கள்மீதும் கோபம். கோழிக்கு உயிர் இல்லையா?

என் மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம மூணு பிள்ளைங்கள்ல ஒண்ணுக்காவது ஒரு நாள் லீவு எடுத்திருப்பீங்களா?"

அந்த நேரத்துக்கு அது தேவையில்லாத கேள்வி என்றே இன்றும் நினைக்கிறேன்.

மதியத்துக்குள் குஞ்சு துவண்டுவிட்டது. தண்ணீரைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டது. செத்துவிடும் என்று தெரிந்தது. பெட்டியோடு பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் ஓடினேன். பல வருஷமாகக் கோழி வளர்க்கும் மலாய்க்கார அம்மா. அந்தக் கொடுமைக்காரியின் கதையை முழுக்கச் சொல்லி, சனிக்கிழமை அவள் குழம்பாகப் போகிறாள் என்றும் அறிவித்தேன்.

அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மலாயில் நிதானமாகக் கேட்டார்:

"அண்ணே, அது பெத்தது கறுப்புப் பிள்ளை. நீங்க கொண்டுபோய் விட்டது மஞ்சள் பிள்ளை. யாரோ தெரியாத குஞ்சு உள்ளே வந்தா, அது விரட்டாம விருந்தா வைக்கும்?"

நான் என் விரல்களைப் பார்த்தேன். இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தன.

வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு போட்டு அவரே குஞ்சைக் கழுவினார். நான் துண்டால் ஒற்றி, என் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினேன். சீனித் தண்ணீரை விரலில் தொட்டு அலகில் வைத்ததும் மெல்லக் குடித்தது. இருட்டும் நேரத்தில் மாக்சிக் என்னிடமிருந்து குஞ்சை வாங்கி, கோழிக்குப் பின்பக்கமாக இறக்கைக்கு அடியில் செருகினார். கோழி ஒரு முறை கொக்கரித்தது. அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.

விடிந்ததும் கூண்டைத் திறந்து எண்ணினேன். ஏழு. கறுப்புக் குஞ்சு நொண்டிக்கொண்டே அம்மா கிளறிய மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி கெட்ட ஜென்மம் என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

இன்றும் யாரையாவது, இவர்களெல்லாம் மனிதர்களா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். ஆனால் இதில் நான் செய்த வேலை எவ்வளவு என்று முதலில் யோசித்துப் பார்க்கிறேன்; பாதி நேரம் திட்ட வேண்டிய ஆள் நானாகவே இருந்து தொலைக்கிறேன்.