கேமராவுக்கு இடப்பக்கம்

மின்னல் நடித்த ஐந்து படங்களும் ஊர்த் தியேட்டரில் ஒரே வாரத்தில் ஓடப்போகின்றன என்ற செய்தியைச் சலவைக் கடைக்குள் கொண்டுவந்து கொட்டியவள் நாத்தனார்தான். தெருமுனையிலிருந்து ஓடியே வந்திருப்பாள் போல. கவுன்டரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, "அண்ணி! அஞ்சும் போடுறான் அண்ணி! அந்தக் கடைசிப் படம்கூட!" என்று கத்தினாள். சட்டை வாங்க வந்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

உள்ளே மேசையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் பெட்டியைத் துணிமேல் அப்படியே விட்டுவிட்டாள். காலர் கருகும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். அறுபதைத் தாண்டியவள், முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் மாடிப்படி ஏறாதவள். ஆனால் மின்னல் என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், தைலமாவது முழங்காலாவது.

மின்னல் என்பது போஸ்டரில் போட்ட பெயர். ராக் அண்ட் ரோல் பாடகன். ஒரு காலத்தில் அவன் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடை ஏறினால் நாற்காலியில் ஒருத்தரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கூட்டத்தைப் பார்த்த சினிமாக்காரர்கள் விடுவார்களா? பிடித்துக்கொண்டு போய் ஐந்து படம் எடுத்தார்கள். நாலு படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஐந்தாவது ஒரே வாரத்தில் படுத்துவிட்டது, அதோடு அவன் சினிமா வாழ்க்கையும் முடிந்தது. அப்புறம் பழையபடி மேடைக்கே போனான், பாடினான், வயதாகிப் போய்ச் சேர்ந்தும் விட்டான். அந்த ஐந்தாவது படம் இந்த ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்பே பெட்டிக்குள் போய்விட்டதால், ரசிகை நம்பர் ஒன் என்று பீற்றிக்கொள்ளும் நாத்தனார்கூட அதைப் பார்த்ததில்லை.

முதல் நாலு படங்களில் நம் சலவைக் கடைக்காரிக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், வீட்டில் ஒரு ஜீவன் நம்பியதில்லை.

அவள் அப்போது ஸ்டுடியோவில் உடைப் பிரிவில் வேலை பார்த்தாள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, "இஸ்திரி, இங்க வா", அவ்வளவுதான். ஒரு நாள் முதல் படத்தின் முதல் பாட்டை எடுத்தார்கள். சினிமாவில் பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள். படப்பிடிப்பில் அது ஒலிபெருக்கியில் ஓடும், நடிப்பவர் அதற்கு வாயசைக்க வேண்டும். மின்னலுக்கு அது மட்டும் வரவே இல்லை. மேடையில் அவன் ஒரு பாட்டை ஒரே மாதிரி இரண்டு தடவை பாடினதே கிடையாது. இழுக்கத் தோன்றினால் இழுப்பான், கத்தத் தோன்றினால் கத்துவான். இங்கே தானே பாடிய பாட்டுக்குத் தானே வாயசைக்கத் தெரியாமல் திருதிருவென்று விழித்தான். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். திரும்பத் திரும்பப் பாட்டு ஓடியது. ஒவ்வொரு தடவையும் அவன் கோட்டு வியர்வையில் நனைந்தது, ஒவ்வொரு தடவையும் இவள் அதை வாங்கி இஸ்திரி போட்டுக் காயவைத்துக் கொடுத்தாள்.

காலையிலிருந்து கேட்டால் யாருக்குத்தான் மனப்பாடம் ஆகாது? மதியத்துக்குள் அவன் எங்கே மூச்சு வாங்குகிறான், எங்கே நாக்கைச் சுழற்றுகிறான் என்பதெல்லாம் இவளுக்கு அத்துப்படி. கேமராவுக்கு இடப்பக்கம் மேசையைப் போட்டு, இஸ்திரி போட்டபடியே, தன்னை மறந்து பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள். மின்னலின் கண் அவள்மேல் விழுந்தது. அவள் வாய் திறந்தபோது அவனும் திறந்தான், மூடியபோது மூடினான். பாட்டு முடிந்ததும் டைரக்டர் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் கேமராக்காரர். "ஏம்மா இஸ்திரி, அந்த மரப்பெட்டி மேல ஏறி நில்லு. அவன் கண்ணு மட்டத்துக்கு உன் வாய் வரணும்" என்றார். அன்றைக்கு ஏறியவள் நாலு படம் முடியும்வரை இறங்கவில்லை. சம்பளம் அதே இஸ்திரிச் சம்பளம். டைட்டிலில் பெயரும் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. பாடும்போது மின்னலின் பார்வை ஓரமாகப் போவதைப் பார்த்துப் பத்திரிகைகள் உருகின. எங்கோ தொலைவில் இருக்கும் காதலியைத் தேடும் கண்கள் என்று எழுதினார்கள். பெண்பிள்ளைகள் தியேட்டரில் அந்தக் கண்களுக்கு நேராக இடம் பிடிக்க அடித்துக்கொண்டார்கள். அந்த அடிதடியில் முன்னணியில் நின்றவள் யார்? சாட்சாத் இவளுடைய நாத்தனார். அவன் தன்னையே பார்த்துப் பாடியதாக அவள் இன்றுவரை சத்தியம் செய்வாள்.

மூன்றாவது படத்தில் இன்னொரு வேடிக்கை. பாட்டு நடுவில் இவள் நெற்றியில் ஒரு கற்றை முடி விழுந்து கண்ணைக் குத்தியது. யோசிக்காமல் கையால் ஒதுக்கிவிட்டாள். அங்கே மின்னலும் ஒதுக்கினான்! அவன் தலையோ எண்ணெய் போட்டுப் படிய வாரியது, நெற்றியில் ஒரு முடிகூடக் கிடையாது. ஷாட்டில் அது அப்படியே போயிற்று. படம் வெளிவந்த மறுவாரத்திலிருந்து ஊரில் உள்ள வாலிபர்கள் அத்தனை பேரும் இல்லாத முடியை ஒதுக்க ஆரம்பித்தார்கள். இவள் ஸ்டுடியோவுக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியில் இவளைப் பார்த்தபடி நெற்றியை ஒதுக்கினார். இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பைக் காதல் என்று நினைத்துக்கொண்டு அவர் பெண் கேட்டு வந்துவிட்டார்.

நாலாவது படம் முடிந்ததும் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள், சலவைக் கடை வைத்தாள். ஐந்தாவது படத்தை வேறு கம்பெனி எடுத்தது. அவர்களுக்கு இவளைத் தெரியாது, கூப்பிடவும் இல்லை. படம் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டபோது இவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: நான் இல்லாததால்தான். அதை வெளியே சொல்லிக் கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "மின்னல் உன் வாயப் பாத்துப் பாடினான்னா, நான் பஸ் ஓட்டல, ஏரோப்ளேன் ஓட்டினேன்" என்பார் அவர்.

இப்போது புரிகிறதா, காலர் ஏன் கருகியது என்று?

முதல் இரண்டு படங்களையும் நாத்தனார் கண்ணீரும் கைதட்டலுமாகப் பார்த்தாள். "பாருங்க, என்னையத்தான் பாக்கிறான்" என்று அண்ணியின் தொடையில் கிள்ளினாள். இவள் பொறுத்துக்கொண்டாள். மூன்றாவது படத்தில் அந்தப் பாட்டு வந்தது. இவள் நாத்தனாரின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்ப பாரு. நெத்தியத் தொடுவான். அங்க முடி இருக்கான்னு மட்டும் பாரு."

மின்னல் ஒதுக்கினான். பழைய படத்தைச் சுத்தம் செய்து போட்டிருந்ததால் அவன் நெற்றி துடைத்து வைத்த தட்டு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. முடி இல்லை. இவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த கணவரின் கை, பழக்க தோஷத்தில் நெற்றிக்குப் போய், பாதி வழியில் நின்றுவிட்டது.

"அப்ப நான் இத்தன வருஷமா பண்ணினது..." என்றார் அவர்.

"என்னோடதுதாங்க அது" என்றாள் இவள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. இடைவேளையில் எழுந்து தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள். நாலாவது படத்துக்கு வரவும் இல்லை, போனையும் எடுக்கவில்லை. அவளைக் குறைசொல்ல முடியுமா? இத்தனை காலம் தன்னைப் பார்த்தவன் ஓர் இஸ்திரிப் பெட்டிக்காரியின் வாயைப் பார்த்தான் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

ஐந்தாவது படத்தன்று காலையில் கடைக்கு வந்து நின்றாள். முகம் இன்னும் கடுகடுதான்.

"ஏதோ ஒரு தடவை கை போச்சு, அது தற்செயலாக்கூட இருக்கலாம். இன்னிக்குப் போடுறது நீங்க இல்லாத படம் அண்ணி. அதுல அவன் ஒழுங்கா வாயசைச்சான்னா, நீங்க வெறும் சட்ட தேச்சவங்கதான். இனிமே இந்தக் கதைய எடுக்கவே கூடாது. சரியா?"

"அசைக்கலன்னா?"

"நாலு பேருக்கு முன்னாடி நானே சொல்றேன், என் அண்ணி இல்லன்னா மின்னலே இல்லன்னு."

"வா, பாத்துடலாம்" என்றாள் இவள். குரல் கெத்தாகத்தான் வந்தது. ஆனால் அவள் வாழ்க்கையில் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த ஒரு விஷயம்தான். அவன் ஒழுங்காகப் பாடித் தொலைத்துவிட்டால் அதுவும் போச்சு.

தியேட்டர் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. படம் ஆரம்பித்ததுமே ஏன் படுத்தது என்று தெரிந்துவிட்டது. மின்னலைப் போய் ஒரு பாங்க் குமாஸ்தாவாக்கி, கண்ணாடி வேறு மாட்டிவிட்டிருந்தார்கள். முதல் பாட்டு வந்தது. பாட்டு ஒரு பக்கம் போக, அவன் வாய் இன்னொரு பக்கம் போயிற்று. வரி முடிந்த பிறகும் வாய் திறந்திருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள், சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. நாத்தனார் சீட்டுக்குள் கூனிக்குறுகிப் போனாள்.

இவளுக்கோ தலைகால் புரியவில்லை. சொன்னேனா இல்லையா! எழுந்து நின்று கத்தவேண்டும்போல இருந்தது. கணவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "ஒத்துக்கிறேன். நான் ஏரோப்ளேன்தான் ஓட்டினேன்" என்றார்.

அப்போதுதான் அவன் கண்களைக் கவனித்தாள். கேமராவுக்கு இடப்பக்கம் போயின. அங்கே யாரும் இல்லை. வலப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி இடப்பக்கமே வந்தன. ஊர் மாறி இறங்கிவிட்டவன் முழிப்பதுபோல் முழித்தான். அவளுக்குச் சந்தோஷம் பாதியில் நின்றுபோய், ஐயோ பாவமே என்றிருந்தது. இருட்டில் தன்னை அறியாமல் அவனுக்காக வாயைத் திறந்தாள். ஆனால் எப்படி உதவுவாள்? இது அவளுக்குத் தெரியாத பாட்டு.

இரண்டாவது பாட்டும் அதே லட்சணம்தான். கடைசிப் பாட்டு ஒரு நடனக் கூடத்தில் வந்தது. முதல் வரியை வழக்கம்போலக் கோட்டை விட்டான். இடப்பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு சிரித்தான், அடப் போங்கடா என்கிற சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றித் தூர எறிந்தான். தியேட்டரில் கேட்டதென்னவோ பதிவு செய்த பாட்டுதான், அவன் அதை அதன் போக்கில் விட்டுவிட்டு, வேறு எதையோ தன் இஷ்டத்துக்குப் பாடுவது வாயிலேயே தெரிந்தது. முழங்கால் மடிந்தது, இடுப்பு சுழன்றது, மேசைமேல் ஏறினான், குதித்தான். கேமராக்காரர் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும், படம் குலுங்கியது. அவன் சுற்றினான், திரும்பத் திரும்பச் சுற்றினான், கூடத்தின் நாலு பக்கத்துக்கும் பாடினான். தியேட்டரில் சிரிப்புச் சத்தம் நின்று கால்கள் தாளம் போட ஆரம்பித்தன.

நாலு படத்தில் அவன் ஒரு தடவைகூட இப்படித் திரும்பியதில்லை. எப்படித் திரும்புவான்? திரும்பினால் இவள் வாய் தெரியாதே! பெருமை பெருமை என்று அவள் கட்டிக்காத்த அந்தப் பார்வை, கழுத்தை ஒரு பக்கமாகக் கட்டிப்போட்ட கயிறு. அடுத்த நொடி அவள் விரல் இரண்டும் வாய்க்குள் போய்விட்டன. அவள் அடித்த விசிலில் கணவர் துள்ளி விழுந்தார். நாத்தனார் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தாள், இவளையும் இழுத்து எழுப்பினாள். முழங்காலைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வெளியே வந்தபோது வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "என்னப்பா நடிகன் இவன், வாயே சேரல" என்றார் ஒருவர். நாத்தனார் சொன்ன வாக்கைக் காப்பாற்றத் தொண்டையைச் செருமினாள். ஆனால் அண்ணி முந்திக்கொண்டாள்.

"சேரலன்னா என்னங்க? ஆள் பாடுறான் இல்ல! இத விடவா சேரணும்?"

அந்த இருவரும் அரண்டு போனார்கள். கணவர் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னடி இது? வாய் சேரலன்னு நிரூபிக்கத்தானே வந்த? ஜெயிச்சுட்ட. இப்ப அவங்ககிட்ட சண்டைக்குப் போற?"

"ஜெயிச்சேங்க." அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது, கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். "நாலு படம் அந்த மனுஷன அசையவிடாம நிக்க வெச்சிருக்கேன். இன்னிக்குத்தாங்க அவன் முதுகையே பாக்கிறேன்."

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணியின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள். பிறகு அதே படத்தின் மாலைக் காட்சிக்கு நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"மூணு டிக்கெட் எடு! முன் வரிசையில கேளு!" என்று இவள் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.