முகத்துவாரம் வெட்டக் காத்திருந்த நான்கு நாட்கள்

திங்கட்கிழமை, காலை 6.05. கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்பு ரயில் சொன்ன நேரத்துக்கே புறப்பட்டது. இரண்டாம் வகுப்பு, ஜன்னல் ஓரம். பயணச் சீட்டுக்கு நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். எப்போதாவது பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதுவேன். அதைப் படித்திருந்த ஒரு வரவேற்புக் குழுச் செயலாளர் தொலைபேசியில் அழைத்திருந்தார். கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் மட்டக்களப்புக்கு விழா ஒன்றுக்கு வருகிறாராம். அவர் மேடையில் வாசிப்பதற்கு நகரத்தின் வரலாறு, புவியியல், சனத்தொகை என்று மூன்று பக்கம் வேண்டுமாம். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இலவசம் என்றால் எனக்கும் வாயெல்லாம் பல்தான். என்ன விழா என்றுகூடக் கேட்காமல் சம்மதித்துவிட்டேன்.

மன்னம்பிட்டி கடந்து புணானையும் தாண்டிய பிறகு, ஜன்னலுக்கு வெளியே எங்கே பார்த்தாலும் தண்ணீர். எதிர் இருக்கையில் இருந்தவர் ஓட்டமாவடி நெல் வியாபாரி. நான் வெளியே எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

“அஞ்சாறு நாளா மழ. வாவி முட்டிப் போய்க் கிடக்கு. இன்னும் வாய் வெட்டல்ல எண்டு சொல்றாங்க.”

“ஏன் வெட்டேல்ல?”

“அத நீங்கதான் போய்க் கேட்டு எங்களுக்குச் சொல்லணும்” என்று சிரித்துவிட்டு, வாழைச்சேனையில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

மட்டக்களப்பைப் பார்க்காதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ ஐம்பத்தாறு கிலோமீட்டர். அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயல் நாடு, படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. நகரத்துக்குப் பக்கத்தில், பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேர்கிறது. வியாபாரி ‘வாய்’ என்று சொன்ன அந்த முகத்துவாரத்தைக் கடல் மணலால் அடைத்துவிடும். மாரி மழையில் வாவி நிரம்பும்போது மனிதர்கள் போய் மணலை வெட்டித் திறக்க வேண்டும். திறந்தால் வெள்ளம் கடலுக்குப் போகும். திறக்காவிட்டால் படுவான்கரை வயலுக்குள் ஏறும். இந்த ஊரின் புவியியல் இவ்வளவுதான், இதற்கு மூன்று பக்கம் தேவையில்லை.

பிற்பகல் 2.45க்கு மட்டக்களப்பில் இறங்கினேன். புளியந்தீவிலிருந்த விடுதிக்கு ஓட்டோ 250 ரூபாய். இந்த நகரத்தை மாநகரம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் நடுப்பகுதியான புளியந்தீவை, இடையில் நின்று ஒரு பிளேன்ரீயும் குடித்துக்கொண்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் சுற்றி வந்துவிட்டேன். நாலா பக்கமும் தண்ணீர், வெளியே போகப் பாலங்கள். கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள், ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பின்னால் வந்த யுத்தத்தையும் சுனாமியையும் எழுத வேண்டாம் என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். “நல்லதா எழுதுங்க டீச்சர், சந்தோசமான விழா” என்றார். ஆகவே வரலாறு ஒரு பக்கத்தில் முடிந்தது. சனத்தொகை அதைவிடச் சுலபம். இந்துக்கள், கத்தோலிக்கர், மெதடிஸ்தர், முஸ்லிம்கள், கொஞ்சம் பறங்கியர். எல்லோரையும் கூட்டினாலும் ஒரு லட்சத்தை எட்டாது. கட்டாரிலும் குவைத்திலும் கொழும்புக் கட்டிடங்களிலும் உழைக்கும் ஆட்களை எந்தப் பந்தியில் போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மாலை ஆறு மணிக்குச் செயலாளர் விடுதிக்கு வந்தார். அப்போதுதான் விழா என்னவென்று தெரிந்தது.

“முகத்துவாரம் வெட்டுறதத்தான் டீச்சர், ஐயா வந்து தொடக்கி வைக்கிறார். புதன்கிழமை காலம்பற பத்து மணிக்கு.”

“இப்பவே வெள்ளமாக் கிடக்கே. வெட்டுறதுக்கு மெசின் வரேல்லையோ?”

“ரெண்டு பெக்கோ நேத்தே வந்து நிக்கி. ஆயத்தம் எல்லாம் முடிஞ்சிது. ஐயா வாறதுதான் மிச்சம்.”

மண் வெட்டும் இயந்திரம் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. வெள்ளம் அதற்கு முன்பே வந்துவிட்டது. புதன்கிழமை வரை எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று நான் அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். மேசைக்கு றால் பொரியல் வந்தது. நான் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, என் பழைய தோழி தேவகியைப் பார்க்கக் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவளுடைய கணவர் நல்லதம்பி ஐந்து ஏக்கரில் நெல் செய்கிறார். மண்முனைப் பாலம் தாண்டி, மீற்றரில் பத்தொன்பது கிலோமீட்டர், 2,100 ரூபாய். கடைசி இரண்டு கிலோமீட்டரும் ஓட்டோ தண்ணீரைப் பிளந்துகொண்டு போனது. “திரும்பி வர நான் நிக்க மாட்டன், எஞ்சினுக்குள்ள தண்ணி போயிரும்” என்று சாரதி இறக்கிவிட்ட கையோடு போய்விட்டார்.

நல்லதம்பி என்னை வட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வட்டை என்றால் இங்கே வயல்வெளி. வயல் எதையும் நான் காணவில்லை. கலங்கிய தண்ணீர் ஒரு கடல் அளவுக்கு விரிந்து கிடந்தது. இடுப்பளவில் இறங்கி, கையை உள்ளே விட்டு, ஒரு பிடி பயிரைப் பிடுங்கிக் காட்டினார். இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

“இண்டைக்கு நாலாம் நாள் டீச்சர். வேளாண்ம ஆறு நாள் தாங்கும். ஏழாம் நாள் அழுகும். இண்டைக்கு வெட்டினா வியாழக்கிழம தண்ணி இறங்கிரும், தப்பிரும். புதன்கிழம வெட்டினா தப்பினாலும் தப்பும்.” வயலில் நிற்கும் நெற்பயிரையே இங்குள்ளவர்கள் வேளாண்மை என்கிறார்கள்.

வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு கமக்காரர்கள் காத்திருந்தார்கள். செயலாளரைக் காணப் போகிறார்களாம். நல்லதம்பி தலையைத் துவட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“டீச்சர், நீங்களும் எங்களோட வாங்க. நாங்க சொன்னா, இவங்களுக்கு எப்பவும் இதுதான் கத எண்டுவாங்க. நீங்க புவியியல் படிப்பிச்ச ஆள். அவங்களே கூப்பிட்டு வச்சிரிக்கிற ஆள். ஒரு நாள் பிந்தினா என்ன நடக்கும் எண்டு நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்.”

“நான் அவங்கட விருந்தாளியா வந்திருக்கிறன். வந்த இடத்தில நின்டுகொண்டு அவங்களுக்கு நான் எப்பிடிச் சொல்றது? அது மரியாதையில்ல.”

இதைச் சொன்னது நான்தான். மரியாதையாம்! அடுப்படியிலிருந்து தேவகி எட்டிப் பார்த்தாள்.

“விடுங்க. அவவ ஏன் கஷ்டப்படுத்திறீங்க” என்றாள் கணவரிடம். அவள் என்னை ஏசியிருக்கலாம்.

அவர்கள் ஒரு உழவு இயந்திரத்தில் ஏறிப் போனார்கள். நான் சோறும் மீன் சொதியும் சாப்பிட்டேன். மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தார்கள். “நாளைக்குத்தானே, ஒரு நாள் பொறுங்க” என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அதே உழவு இயந்திரத்தில் என்னையும் பெரிய வீதி வரை கொண்டுவந்து இறக்கிவிட்டார் நல்லதம்பி.

புதன்கிழமை காலை 9.30க்குப் பாலமீன்மடு. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் பந்தல், கதிரைகள், மேளக்காரர். ஒரு பக்கம் தளும்பிக்கொண்டு வாவி, மறு பக்கம் அடித்துக்கொண்டு கடல், நடுவில் ஒரு சின்ன மணல் திட்டு. இரண்டு பெக்கோக்களும் அதன்மேல் நின்றன. ஒன்றின் நிழலில் அதன் சாரதி சாரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு நித்திரை. பக்கத்தில் நின்ற மீனவர் ஒருவரிடம், நீங்கள்தான் வெட்ட விடவில்லையா என்று கேட்டேன். றால் கடலுக்குப் போய்விடும் என்று மீனவர்கள் சில வருடங்களில் தடுப்பது எனக்குத் தெரியும்.

“மத்த வருசங்கள்ல சொல்லுவம்தான். இந்த முற எங்கட வீட்டுக்குள்ளயே தண்ணி. நாங்களும் வெட்டுங்க எண்டுதான் சொன்னம்” என்றார்.

பதினொரு மணிக்குச் செயலாளரின் தொலைபேசி அடித்தது. வழியில் வெள்ளம் பாதையை மறித்ததால் பிரமுகர் பாதி வழியில் திரும்பிவிட்டார். வியாழக்கிழமை வருவாராம். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

“அப்ப இண்டைக்கு வெட்டிவிடுங்கோவன். அவர் நாளைக்கு வந்து பாக்கட்டும்.”

“வெட்டின வாயை வந்து பாக்க அவர் என்னத்துக்கு டீச்சர்? கோவிச்சிருவார். நீங்க வெள்ளத்தப் பத்தி ஒரு பந்தி கூட்டி எழுதித் தாங்க. நல்லாரிக்கும்.”

அந்தப் பந்தியையும் எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை முற்பகல் 11.20க்குப் பிரமுகர் வந்தார். பட்டுத்துணி சுற்றிய மண்வெட்டியால் மூன்று தரம் மணலைக் கிள்ளினார். மூன்றாவது தரம் புகைப்படக்காரருக்காக. பிறகு என் மூன்று பக்கத்தையும் ஒலிபெருக்கியில் வாசித்தார். படுவான்கரையைக் ‘கிழக்கின் நெற்களஞ்சியம்’ என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் குரலை உயர்த்தினார். கைதட்டினார்கள். வாசித்து முடிய பெக்கோ இறங்கி, அரை மணித்தியாலத்துக்குள் வாயைத் திறந்துவிட்டது. இதற்குத்தான் இத்தனை நாள். வாவி இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நானும் கைதட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தின் ஓரத்தில் நல்லதம்பியைக் கண்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சனிக்கிழமை மறுபடி கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். போகாமல் கொழும்புக்குத் திரும்பியிருக்கலாம், அதற்கும் தைரியம் இல்லை. பாதையில் தண்ணீர் வடிந்துவிட்டது. வட்டையில் வயல் தெரிந்தது. ஐந்து ஏக்கரும் கறுத்து, சேற்றோடு சேறாகப் படுத்துக் கிடந்தது. அழுகிய நாற்றம் வீட்டு முற்றம் வரை அடித்தது. தேவகி எனக்குச் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே கேட்டாள்.

“நெற்களஞ்சியம் எண்டு எழுதினது நீதானே புள்ள?”

“ஓம்.”

“ரேடியோவிலயும் போச்சுது. நல்லாத்தான் எழுதியிரிந்தாய். குழம்பு விடவா?”

அழுதால் அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும் என்று தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். இந்தப் போகம் இனி இல்லை என்றாள். கணவருக்குக் கொழும்பில் ஒரு கட்டிடத்தில் கூலி வேலை சரிவந்திருக்கிறது, தன் தம்பி பிடித்துக் கொடுத்தது, நாளைக்கே போகிறார் என்றாள். ஐம்பத்துநாலு வயதில்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6.10 ரயில். மூன்றாம் வகுப்பில் நல்லதம்பி ஏறுவதைக் கண்டு, குழு எடுத்துத் தந்த இரண்டாம் வகுப்புச் சீட்டைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு நானும் அங்கேயே ஏறினேன். ஒரு பை, ஒரு பாய், அவ்வளவுதான் கொண்டுவந்திருந்தார். வாழைச்சேனையில் எனக்கும் சேர்த்து வடை வாங்கினார். நூற்றிருபது ரூபாய். நான் நீட்டிய காசை வாங்கவில்லை. மூன்று மணித்தியாலம் பிள்ளைகளைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் பேசினோம். வயலைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. என்னை ஒரு சொல் குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பொலன்னறுவையை நெருங்க இரண்டு பக்கமும் பச்சை. குளத்துத் தண்ணீரில் விளையும் மேட்டு வயல்கள், ஒரு தாள்கூடச் சாயவில்லை. ஜன்னல் ஓரம் இருந்த நல்லதம்பி சிறிது நேரம் பார்த்தார்.

“டீச்சர், நீங்க இந்தப் பக்கம் வந்து இரிக்கிறீங்களா?”

“ஏன், காத்துக் கூடவா அடிக்குது?”

“இல்ல. இதப் பாத்துட்டு வர ஏலாது.”

இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் உள்பக்கம் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஒரு வாரத்தில் அவர் என்னிடம் இரண்டு உதவி கேட்டார். இரண்டாவதை மட்டும் செய்தேன்.