போனுக்குப் பாடின ஒப்பாரி

செத்த வீட்டில் பாடித்தான் நான் சோறு தின்கிறேன். எந்த ஒப்பாரி செட்டிலும் சேரவில்லை. எனக்குத் தலைவர் கிடையாது, கமிஷன் கிடையாது. பாகூரிலிருந்து வில்லியனூர் வரைக்கும் சாவு விழுந்தால் நேராக எனக்கே போன் வரும். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் செத்தவர் என்ன பயிர் வைத்தார், எத்தனை பிள்ளை என்று வாசலில் இரண்டு பேரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அந்த ஆளுக்கென்றே பாட்டு வந்துவிடும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

போன வருஷம் வில்லியனூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு சாவு வீட்டு ஸ்பீக்கரில் பொம்பளைக் குரல் அழுதது. நல்ல குரலாக இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாவது அடியில்தான் தெரிந்தது, அது நான்.

இறங்கிப் போனேன். பந்தலில் கிடந்தவர் கல்யாணமே ஆகாத ஆள். அவருக்குப் போய், மூன்று பெண்ணைப் பெற்ற மகராசி என்று ஸ்பீக்கரில் நான் அழுதுகொண்டிருக்கிறேன். மைக் செட்காரனைக் கேட்டேன்.

"இன்னாப்பா, என் கொரலு இங்க எப்டி வந்துச்சு?"

"நெட்டுல கெடந்துதும்மா. யாரு போட்டாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

முன்பு நான் நேரில் போய்ப் பாடிய அந்த மகராசி சாவில் மைக் செட் போட்டவனும் அவன்தான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குப் போன் வருவது நின்றுபோனது. ஸ்பீக்கர் சும்மாவே அழும்போது என்னை எதற்குக் கூப்பிடப்போகிறார்கள். அன்றிலிருந்து யார் போனை நீட்டினாலும் வாயை மூடிக்கொள்வேன்.

இந்த வருஷம் வில்லியனூர் பக்கத்தில் சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். கரும்பு வைத்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய அம்மாள் செத்துப்போயிருந்தாள். நான் உட்கார்ந்ததுமே மகள் போனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"உள்ள வைம்மா" என்றேன்.

"எங்க அண்ணன்மா. பிரான்சுல இருக்குது. டிக்கெட் கெடைக்கல. பொட்டி மூடறதுக்குள்ள அம்மாவுக்குப் பாடறதக் கேக்கணும்னு அழுவுது."

போனில் கண் சிவந்த ஒரு முகம் தெரிந்தது. முகம் டிவியிலும்தான் தெரிகிறது. முகத்தைக் காட்டிவிட்டுப் பின்னால் பதிவு ஓடினால் எனக்கு எப்படித் தெரியும்? அங்கே மைக் செட் போட்டிருந்ததும் கரிக்கலாம்பாக்கத்தில் என் குரலை ஓட்டின அதே ஆள். வேலி ஓரம் நின்று வெற்றிலை மென்றுகொண்டு, என் பக்கம் திரும்பாமலே இருந்தான். அப்படித் திரும்பாமல் இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஜெபம் பண்ண சாமியார் வர்ற நேரம். பாட வந்த எடத்துல இன்னா ராங்கி?" என்றார் செத்தவளின் தம்பி.

"ராங்கி இல்லாம பாடறதுக்கு ஸ்பீக்கர் இருக்குதே, அதப் போட்டுக்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் போனை இறக்கவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று தொடங்கினேன்.

பம்பு செட்டுத் தண்ணியில
பாத்தி கட்டி வச்சவளே
கட்டி வச்ச பாத்தி நிக்க
காலு நீட்டிப் படுத்ததென்ன

பெண்கள் சேர்ந்து அழுதார்கள். ராகத்தை மாற்றாமல், குரலை இறக்காமல், அதோடு சேர்த்தே இழுத்தேன்.

கூலி குடுக்காம
கொரலத் திருடினவன்
வேலி ஓரத்துல
வெத்தல போடுறானே

எல்லாத் தலையும் வேலிப் பக்கம் திரும்பியது. அழுதுகொண்டிருந்த ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது போனிலிருந்து குரல் வந்தது.

"யம்மா, யாரு அது வேலி ஓரத்துல?"

பதிவு பண்ணுகிற போன் கேள்வி கேட்காது. அந்தப் பிள்ளை நிஜமாகவே அந்தக் கோடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"அது எனுக்கு வேண்டாத ஆளுப்பா. நீ உங்கம்மாவப் பாரு" என்று சொல்லிப் போனை வாங்கி என் முட்டிமேல் சாய்த்து வைத்துக்கொண்டேன். அம்மாவைப் பாடினதில் அந்தப் பிள்ளை திரும்பக் கேட்ட அடியையெல்லாம் திரும்பப் பாடினேன். சவப்பெட்டியை மூடும்வரை நிறுத்தவில்லை.

எல்லாம் முடிந்து மைக் செட்காரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே வந்தான்.

"இத்தினி பேரு எதுர்ல மானத்த வாங்கிட்டியேம்மா."

"நீ எடுக்கலன்னா உனுக்கு இன்னாப்பா?"

மீதி ஒயரையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கும் எடுத்தானா இல்லையா, எனக்கு இன்னும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று, இப்போது எந்தச் சாவுக்குப் போனாலும் பாட்டுக்கு நடுவில் அந்த வேலி அடியைச் சேர்த்துவிடுகிறேன். எடுத்துப் போகிறவன் அதையும் சேர்த்தே எடுத்துப் போகட்டும்.